பழகின லினக்ஸையே டிரைவுக்கு மாற்றலாம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதன் பிறகும் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் இல்லை. வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னும் ஓராண்டு வரும் என்றார்கள். விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே என்றால், இன்டெல் பிராசஸர் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற சில்லு இருக்க வேண்டும் என்று நிபந்தனை. 2017-க்கு முன்னால் வாங்கிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை இதில் தேறாது.

அண்ணனூர், திருமுல்லைவாயல், ஆவடி பக்கம் நம்மைப் போன்றவர்கள் வீட்டில் இருப்பதெல்லாம் அந்த வயது மெஷின்கள்தான். ரிடையர் ஆன பணத்தில் ஒரு பங்கை எடுத்து, பிள்ளைகள் சொன்ன மாடலை வாங்கி, மேலே துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். மதர்போர்டு நன்றாக இருக்கிறது, மானிட்டர் நன்றாக இருக்கிறது. ஒரு கடையில் கேட்டால், "பழசைத் தள்ளிட்டுப் புதுசு எடுத்துக்குங்க சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஓடுகிற பொருளைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. முப்பத்து நான்கு வருஷம் கார் ஷெட்டில் வேலை பார்த்தவனுக்கு வரவும் வராது.

இன்னொரு பக்கம் பிள்ளைகள், "லினக்ஸ் போட்டுக்குங்க, ஃப்ரீ" என்கிறார்கள். அது சரிதான். லினக்ஸ் மின்ட் மாதிரியான ஒன்று எட்டு, பத்து வருஷத்து மெஷினில் தாராளமாக ஓடும். ஆனால் அவர்கள் சொல்லும் வழி எனக்கு ஒப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து விண்டோஸை அழித்து லினக்ஸை ஏற்றிவிட்டு, சாயங்காலம் பெங்களூர் பஸ் ஏறிவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலையில் அம்மா தமிழ் டைப் அடிக்க உட்கார்ந்தால் கீபோர்டு வேறு மாதிரி எழுதுகிறது. பிரின்டர் கூப்பிட்டால் வரவில்லை. இரண்டு நாளில் அந்தக் கம்ப்யூட்டர் மறுபடி துணிக்கு அடியில் போய்விடும்.

முதலில் பழக வேண்டும், பிறகுதான் மாற வேண்டும். பழகுவதற்கு நல்ல இடம் விர்ச்சுவல் மெஷின். சுருக்கமாக விஎம் என்று சொல்கிறேன். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. விண்டோஸுக்குள் வர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், அது ஒரு ஜன்னலுக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல் காட்டும். அதில் லினக்ஸை ஏற்றலாம். உள்ளே இருக்கும் லினக்ஸுக்குத் தான் நிஜ கம்ப்யூட்டரில் இருப்பதாக நினைப்பு. அது எழுதுவதெல்லாம் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஒரு பெரிய ஃபைலுக்குள் போய் உட்காரும். பிடிக்கவில்லை என்றால் அந்த ஃபைலை அழித்துவிட்டால் போயிற்று, விண்டோஸுக்கு ஒரு கீறலும் இல்லை.

இது இன்றைய கண்டுபிடிப்பும் இல்லை. ஐபிஎம் 1972-லேயே தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு விஎம்/370 என்று ஒன்றை வெளியிட்டது. புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் வந்தால், அன்றாட வேலை ஒரு பக்கம் நடக்கும்போதே, அதே மெஷினுக்குள் தனியாக ஓட்டிப் பார்ப்பார்கள். சரியாக வந்த பிறகுதான் நிஜ இயந்திரத்துக்கு ஏற்றுவார்கள். கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் வைத்திருந்தவர்கள் எடுத்துக்கொண்ட ஜாக்கிரதையை, ஒரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நாமும் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

எங்கள் தெருவில் ஒரு தமிழ் டீச்சர் இருக்கிறார். வயது எழுபத்து நாலு. இளவயதில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் ஹையர் பாஸ் செய்தவர். தமிழக அரசு 1999-ல் தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தபோது கூட அவர் விரல் மாறவில்லை. பழைய டைப்ரைட்டர் அமைப்பில்தான் இன்றைக்கும் அடிப்பார். கோயில் கும்பாபிஷேக மலர், பேத்திக்குக் கடிதம், தன் அப்பாவின் நாட்குறிப்பைப் படியெடுத்தது என்று ஐநூறு பக்கத்துக்கு மேல் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அவருக்கு ஆவணியில் விஎம்-மில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். லினக்ஸில் தமிழுக்கு ஐந்தாறு விசைப்பலகை அமைப்புகள் உண்டு. டைப்ரைட்டர் அமைப்பும் அதில் இருக்கிறது. அதைச் சேர்த்தோம். எழுத்தின் அளவைப் பெரிதாக்கினோம். பழைய எழுத்துருக்களை ஏற்றினோம். பிரின்டரைச் சேர்க்க இரண்டு நாள் ஆனது. பிறகு அவரே தினம் ஒரு மணி நேரம் அந்த ஜன்னலுக்குள் வேலை செய்தார். மூன்று மாதத்தில், ஜன்னலுக்கு வெளியே இருந்த விண்டோஸை அவர் தொடுவதே நின்றுவிட்டது.

"இனிமே இதுவே போதும் சார். அந்தப் பழசு எதுக்கு நடுவுல?" என்று டீச்சரே கேட்டார்.

இங்கேதான் அவர் பையனோடு எனக்குக் கருத்து வேறுபாடு. அவர் ஐடி கம்பெனியில் இருப்பவர், விவரம் தெரிந்தவர். "அங்கிள், விஎம்-ல இருக்கறதை ஏன் இழுத்துட்டு வரணும்? புது எஸ்எஸ்டி வாங்கி ஃப்ரெஷ்ஷா இன்ஸ்டால் பண்ணுங்க. அரை மணி நேரம். அம்மாவோட ஃபைல்ஸை மட்டும் காப்பி பண்ணிடலாம்" என்றார்.

இளைஞர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் அந்த அரை மணி நேரம் அவர் கணக்கு. டீச்சர் கணக்கு மூன்று மாதம். ஹோம் ஃபோல்டரை மட்டும் எடுத்து வந்தால் கடிதங்களும் படங்களும் வரும், சில அமைப்புகளும் வரும். பிரின்டர் வராது, கூடுதலாக ஏற்றிய மென்பொருள்கள் வராது, எல்லோருக்கும் பொதுவாக ஏற்றிய எழுத்துரு வராது. அவையெல்லாம் ஹோமுக்கு வெளியே வேறு வேறு இடங்களில் இருப்பவை. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து மறுபடி சேர்க்க வேண்டும். எது விட்டுப்போயிற்று என்று அவசரமாக ஒரு காகிதம் அச்சடிக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

கார் ஷெட்டில் ரிப்பேரான மோட்டாரைப் பெஞ்சில் வைத்து ஓட்டிப் பார்ப்போம். சத்தம், சூடு எல்லாம் சரியாக இருந்தால் அந்த மோட்டாரைத்தான் வண்டியில் மாட்டுவோம். அதை ஓரமாக வைத்துவிட்டு, ஓட்டிப் பார்க்காத வேறொன்றை ஸ்டோரிலிருந்து கொண்டு வந்து மாட்ட மாட்டோம். பையனிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "அப்ப நீங்களே பண்ணுங்க அங்கிள்" என்றார். செய்தேன்.

இப்படி விஎம்-மில் இருப்பதை அப்படியே எடுத்து நிஜ டிரைவில் வைக்க முடியுமா என்று சிலருக்குச் சந்தேகம் இருக்கும். லினக்ஸில் முடியும், அதற்குக் காரணம் இருக்கிறது. லினக்ஸின் கெர்னல் தனக்குத் தெரிந்த ஹார்ட்வேர்களின் டிரைவர்களைப் பெரும்பாலும் கூடவே வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. உபுன்டு, டெபியன், மின்ட் மூன்றும் இப்படித்தான். நேற்று வர்ச்சுவல்பாக்ஸின் போலி டிஸ்க், இன்றைக்கு நிஜ எஸ்எஸ்டி என்றால் அது கலங்குவதில்லை. இன்னொன்று, டிஸ்க்கின் ஒவ்வொரு பாகத்துக்கும் யூயூஐடி என்ற தனி எண் உண்டு. லினக்ஸ் தன் வீட்டை அந்த எண்ணை வைத்துத்தான் தேடுகிறது. நம் பென்ஷன் பிபிஓ எண் மாதிரி. பேங்க் மாறினாலும் எண் மாறாது. அச்சாகக் காப்பி எடுத்தால் அந்த எண்ணும் சேர்ந்தே வந்துவிடும்.

விண்டோஸை இப்படித் தூக்கி வருவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். லைசென்ஸ் ஹார்ட்வேரோடு கட்டப்பட்டிருக்கும், புது இடத்தில் ஆக்டிவேஷன் கேட்கும். டிஸ்க் டிரைவர் பொருந்தாவிட்டால் நீலத் திரையில் போய் நிற்கும்.

நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன். முன்யோசனையாக ஆவணியிலேயே ஒரு காரியம் செய்திருந்தேன். வர்ச்சுவல்பாக்ஸில் விஎம் உருவாக்கும்போது இஎஃப்ஐ என்ற பெட்டியில் டிக் செய்திருந்தேன். டிக் செய்யாவிட்டால் உள்ளே இருக்கும் லினக்ஸ் பழைய பயாஸ் முறையில் பதிவாகிவிடலாம். கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்து மதர்போர்டுகள் பெரும்பாலும் யூஇஎஃப்ஐ முறையில் கிளம்புபவை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பிறகு சரிசெய்ய வழி உண்டு, ஆனால் நம் வயதில் அந்த அலைச்சல் எதற்கு?

அடுத்து, பெஞ்சில் தெரியாத குறைகள். மோட்டார் பெஞ்சில் நன்றாக ஓடும், ஆனால் அங்கே மழைத் தண்ணீரும் இல்லை, தண்டவாள அதிர்ச்சியும் இல்லை. விஎம்-மும் அப்படித்தான். உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு வைஃபை என்று ஒன்று இருப்பதே தெரியாது. விண்டோஸ் வாங்கிக் கொடுக்கும் இன்டர்நெட்டை, கேபிளில் வருவதாக நினைத்துக்கொள்ளும். சவுண்டு, கிராஃபிக்ஸ் எல்லாமே போலிதான். அதனால் மாற்றுவதற்கு முன், அதே லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பிப் பார்க்க வேண்டும். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, திரை முழுதாகத் தெரிகிறதா என்று அரை மணி நேரம் பாருங்கள். நான் சொல்வதில் இதை மட்டுமாவது யாரும் விட்டுவிட வேண்டாம். டீச்சர் வீட்டில் மூன்றும் தேறின.

பிறகு ரிச்சி ஸ்ட்ரீட் போய் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும், அதை யூஎஸ்பியில் செருக ஒரு கேபிளும் வாங்கி வந்தேன். விஎம்-முக்குள் வர்ச்சுவல்பாக்ஸுக்காகப் போட்டிருந்த கெஸ்ட் அடிஷன்ஸை நீக்கினேன். பாதியில் நிறுத்தி வைக்காமல் முழுதாக ஷட் டவுன் செய்தேன். ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். டிஸ்க் ஃபைலை மட்டும் எடுத்தால் அதில் இருப்பது ஸ்னாப்ஷாட் எடுத்த நாளின் நிலை. இன்றைய நிலை வேறு ஃபைலில் இருக்கும். தற்போதைய நிலையை முழு குளோன் எடுத்துவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிடும்.

காப்பி எடுக்கப் பல வழிகள் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் டிஸ்க் ஃபைலை ரா இமேஜாக மாற்றி, டிடி என்ற கட்டளையால் நேராக டிரைவில் எழுதுவார்கள். வேகமான வழிதான். ஆனால் டிரைவின் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் விண்டோஸ் இருக்கும் டிஸ்க் துடைக்கப்பட்டுவிடும், அது ஒரு வார்த்தை கேட்காது. நான் எடுத்தது சுற்று வழி. தைவான்காரர்கள் உருவாக்கிய குளோன்ஜில்லா என்ற இலவச மென்பொருளை விஎம்-முக்குள்ளேயே கிளப்பினேன். யூஎஸ்பியில் செருகிய எஸ்எஸ்டியை விஎம்-முக்குக் கொடுத்தேன். இப்போது குளோன்ஜில்லாவின் கண்ணுக்குத் தெரிவது இரண்டே டிஸ்க். ஒன்று லினக்ஸ் இருக்கும் 25 ஜிபி போலி டிஸ்க், இன்னொன்று காலியான 240 ஜிபி. டீச்சரின் விண்டோஸ் டிஸ்க் அந்த ஜன்னலுக்குள் தெரியவே தெரியாது. தெரியாததை அழிக்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நம்மைப் போன்றவர்களுக்கு இந்த வழிதான் ஏற்றது என்பேன். எதிலிருந்து எதற்கு என்று கேட்கும்போது மட்டும் அளவைப் பார்த்துச் சரியாகச் சொல்ல வேண்டும்.

டீச்சர் போட்ட காபியைக் குடித்து, மின்வெட்டு பற்றிப் பேசி முடிப்பதற்குள் காப்பி முடிந்துவிட்டது.

கம்ப்யூட்டரை அணைத்து, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, எஸ்எஸ்டியை மாட்டினேன். ஆன் செய்தோம். சிலருக்கு இந்த இடத்தில் மதர்போர்டு புது டிரைவைத் தானாகக் கண்டுகொள்ளாமல் போகலாம். எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்ற குறிப்பு டிஸ்க்கில் இல்லாமல் போர்டின் நினைவில் இருப்பதே காரணம். பூட் மெனுவில் போய் அந்த டிரைவைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும். எங்களுக்கு அந்தத் தொல்லை வரவில்லை. அதே பின்னணிப் படம், அதே பெரிய எழுத்து, அதே இடத்தில் அதே ஐகான். டீச்சர் உட்கார்ந்து "அன்புள்ள" என்று அடித்தார். சரியாக வந்தது. வைஃபை பாஸ்வேர்டு மட்டும் புதிதாகக் கேட்டது. விஎம்-முக்கு மெமரியில் பாதியைத்தான் கொடுத்திருந்தேன். இப்போது முழுதும் கிடைத்ததில் வேகம் கூடியதை அவரே சொன்னார். டிரைவில் 25 ஜிபி போக மீதி இடம் சும்மா கிடந்தது. பென் டிரைவிலிருந்து கிளப்பி, ஜிபார்ட்டெட் என்ற மென்பொருளில் பாகத்தை இழுத்து நீட்டிவிட்டேன்.

எல்லாருக்கும் இதே வழிதான் என்று நான் சொல்லவில்லை. விஎம்-மில் கண்டதையும் ஏற்றி இறக்கி விளையாடியிருந்தால், அந்தக் குப்பையை ஏன் சுமக்க வேண்டும்? புதிதாகவே போட்டுக்கொள்ளலாம். பையன் சொன்னது அங்கே சரி. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்து டெண்டர் போடுபவர்கள், விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளை நம்பியிருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். பென்ஷன்காரர்களுக்கு வரும் கவலை ஜீவன் பிரமாண். அதைக் கைரேகைக் கருவியோடு கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருந்தவர்களுக்கு லினக்ஸில் சிக்கல்தான். ஆனால் இப்போது முகத்தைக் காட்டி மொபைலிலேயே கொடுக்கலாம். நான் அப்படித்தான் கொடுக்கிறேன்.

பழக்கத்துக்கு நான் ஏன் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் முதலமைச்சர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. பாஸ் லினக்ஸ் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. டெபியனை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக்கில் உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. அரசே செய்து, அரசே கொடுத்தது. எங்கள் தெருவில் லேப்டாப் வாங்கின பிள்ளைகளில் அதைத் திறந்து பார்த்தவர்களை நான் பார்க்கவில்லை. இடம் அடைக்கிறது என்று கடையில் கொடுத்து அழித்து வாங்கியவர்கள் உண்டு. மென்பொருளில் குறை இல்லை. டிஸ்க்கில் இருந்தது, கையில் பழகவில்லை. கேரளத்தில் பள்ளிகளுக்கு லினக்ஸ் கொண்டுபோனவர்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடத்தோடு சேர்த்துக் கொண்டுபோனார்கள். அங்கே அது நிலைத்தது.

டீச்சர் வீட்டுப் பழைய ஹார்ட் டிஸ்க் பீரோவில் பத்திரப் பைக்குப் பக்கத்தில், மேலே தேதி எழுதி இருக்கிறது. பொங்கல் கழியட்டும், ஏதாவது விட்டுப்போயிருந்தால் அதற்குள் தெரிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன். அதில் பேங்க் பாஸ்புக், பென்ஷன் காகிதங்களின் ஸ்கேன் எல்லாம் இருப்பதால், முழுதும் அழிக்காமல் பழைய பேப்பர்காரரிடம் போடக்கூடாது. அதையும் நான்தான் செய்து கொடுக்க வேண்டும்.

டிரைவை யூஎஸ்பியில் செருகும் கேபிள் இப்போது என்னிடம் சும்மாதான் இருக்கிறது. அண்ணனூர், அயப்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால் இரவல் வாங்கிக்கொள்ளலாம். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.